தோட்டா நுழைந்தால் மட்டும் போதுமா?

இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று. அதில் ஒரு தோட்டாவைப் போட்டாயிற்று. குழலை மூடியாயிற்று. விசையை இழுத்தால் "டிக்" என்று சத்தம் மட்டும் வருகிறது. வெடிக்கவில்லை!

குழலை மடித்துப் பார்க்கிறார் சுட்டவர். தோட்டா இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது.

"அடடா, தோட்டா போடவே மறந்து விட்டேன் போலிருக்கிறதே!" என்று நினைக்கிறார். சட்டைப் பையில் கையை விட்டு இன்னொரு தோட்டாவை எடுத்துப் போடுகிறார். மறுபடியும் விசையை இழுக்கிறார்.

இந்தத் தடவை வெடிக்கிறது. ஆனால் வெடிப்பது தோட்டா மட்டும் அல்ல. இரும்புக் குழலே பிளந்து சிதறுகிறது! குழலைத் தாங்கிக்கொண்டிருந்த இடது கையின் விரல்கள் போய் விடுகின்றன. பக்கத்தில் நின்றவருக்குக் கண்ணும் போகலாம்.

இது கற்பனைப் பயம் அல்ல. பல நாடுகளில் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு நேர்ந்திருக்கிற விபத்து. துப்பாக்கிக்காரர்கள் நடுவே இதற்குப் பெயரே உண்டு. "12-20 வெடிப்பு" என்பார்கள்.

என்ன காரணம்?

முதலில் போட்ட தோட்டா எங்கேயும் போகவில்லை. அது அந்தத் துப்பாக்கிக்கு உரிய தோட்டா அல்ல. அளவில் சிறியது. அதனால் வழுக்கிக்கொண்டு குழலுக்குள் போய், சற்றுத் தூரத்தில் அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் இரண்டாவது தோட்டா வெடித்தது. வழியில் அடைப்பு. அந்த அடைப்புக்குள்ளும் மருந்து! பாவம், குழல் என்ன செய்யும்?

லட்டுக் கணக்கு

துப்பாக்கிக்கு "12 போர்" என்றும், "20 போர்" என்றும் பெயர் சொல்லுவார்கள். இந்தப் போர் என்பது சண்டை அல்ல. குழலின் துளையைக் குறிக்கும் இங்கிலீஷ் சொல்.

12 பெரியதா, 20 பெரியதா என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட 20 என்று சொல்லி விடும். துப்பாக்கி விஷயத்தில் இது தலைகீழ். 12 போர்தான் பெரிய துளை. 20 போர் சிறியது!

ஏன் இப்படி? ஒரு பவுண்டு ஈயத்தை, அதாவது சுமார் 454 கிராம் ஈயத்தை, உருக்கி 12 சம உருண்டைகளாகச் செய்ய வேண்டும். அந்த உருண்டை எந்தக் குழலில் சரியாக நுழைகிறதோ, அது 12 போர். அதே ஈயத்தை 20 உருண்டைகளாகச் செய்தால், அது நுழையும் குழல் 20 போர்.

தீபாவளிக்கு லட்டு பிடிக்கிற தாய்மார்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே பாத்திரத்துப் பூந்தியில் 12 லட்டு பிடித்தால் பெரிதாக இருக்கும். 20 பிடித்தால் சிறிதாக இருக்கும். அவ்வளவுதான்.

இந்தக் கணக்குப்படி 12 போர் குழலின் துளை சுமார் 18½ மில்லிமீட்டர். 20 போர் குழலின் துளை 15½ மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம்.

சிறிய துப்பாக்கிக்குப் பெரிய எண் என்ற இந்தக் குழப்பம், பீரங்கிக் குண்டுகளையும் துப்பாக்கிக் குண்டுகளையும் எடை போட்டுப் பேசிய பழைய காலத்து மிச்சம். இதை இன்று மாற்ற முடியாது. ஆனால், புதிதாகத் துப்பாக்கி வாங்குகிறவருக்கு முதல் நாளே இதைச் சொல்லித்தராமல் இருப்பது பெரிய தவறு.

ஒரு மில்லிமீட்டரில் ஆபத்து

சரி, சிறிய தோட்டா பெரிய குழலில் போட்டால் அந்தப் பக்கமாக விழுந்து விடாதா? விழுந்தால் ஆபத்தே இல்லை. விழாமல் நடுவில் நிற்பதுதான் வினை!

துப்பாக்கிக் குழல் முழுவதும் ஒரே அகலம் அல்ல. தோட்டா உட்காரும் பின்பகுதி சற்று அகலமாக இருக்கும். அதைத் தோட்டா அறை என்று சொல்லலாம். 12 போர் துப்பாக்கியில் இந்த அறை 20 மில்லிமீட்டருக்கு மேல் அகலம். அதற்கு முன்னால் குழல் குறுகி 18½ மில்லிமீட்டர் ஆகி விடுகிறது.

20 போர் தோட்டாவின் அடியில் பித்தளை விளிம்பு ஒன்று இருக்கிறது. அதன் அகலம் ஏறக்குறைய 19½ மில்லிமீட்டர்.

இப்போது கணக்குப் பார்த்தால் விஷயம் விளங்கும். 19½ மில்லிமீட்டர் விளிம்பு, 20 மில்லிமீட்டர் அறைக்குள் தாராளமாக நழுவிப் போகும். 18½ மில்லிமீட்டர் குழலுக்குள் போகாது. ஆகவே, அறை முடிந்து குழல் குறுகும் இடத்தில், கிணற்று வாளி உறையில் மாட்டிக்கொண்டதுபோல நின்று விடுகிறது.

அதற்குப் பின்னால் உள்ள அறை காலி! 12 போர் தோட்டா ஒன்று அங்கே சுகமாக உட்கார்ந்து கொள்ளும். குழலும் ஒழுங்காக மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

எவனோ சதி செய்து இப்படி அளவு வைத்தானோ என்றுகூடத் தோன்றும். அப்படி இல்லை. இரண்டு அளவுகளும் தனித்தனியே வளர்ந்து வந்தவை. ஒன்றன் மேல் ஒன்று இப்படிப் பொருந்துவது கெட்ட காலம்!

டயரும் துப்பாக்கியும்

தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் எவ்வளவு அழுத்தம் உண்டாகிறது?

கார் டயருக்குக் காற்று அடிக்கிற கடையில் "30 போடு" என்று சொல்லுவார்கள். ஒரு சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம் என்று அதற்கு அர்த்தம்.

12 போர் தோட்டாவுக்கு அமெரிக்காவில் அனுமதித்திருக்கிற அதிக அளவு அழுத்தம் 11,500 பவுண்டு! 303 ரைபிளில் இது 49,000 பவுண்டு!

இவ்வளவையும் இரும்புக் குழல் தாங்குகிறது. எப்படித் தாங்குகிறது? முன்னால் வழி திறந்திருக்கிறது. குண்டு ஓட ஓட, அதன் பின்னால் புகைக்கு இடம் கிடைக்கிறது. ஒரு கண நேரத்தில் அழுத்தம் இறங்கி விடுகிறது. முன்னால் வழி அடைபட்டால் அந்த அழுத்தம் எங்கே போகும்? இரும்பைக் கிழித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் போகும்.

குழல் குறுகும் அந்த இடத்துக்கு நேர் முன்னால்தான் இடது கை இருக்கிறது. ஆகையால்தான் இந்த விபத்தில் இடது கை முதலில் அடிபடுகிறது.

மஞ்சள் நிறம்

அமெரிக்காவில் இந்த விபத்தைத் தடுக்க ஒரு யோசனை செய்தார்கள். 20 போர் தோட்டாவின் கூட்டை மஞ்சள் நிறத்தில் செய்ய ஆரம்பித்தார்கள். பல ஆண்டுகளாக அங்கே இதுவே வழக்கம். சட்டைப் பையிலிருந்து எடுக்கும்போதே "இது 20" என்று கண் சொல்லி விடும்.

நல்ல யோசனைதான். படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும் அல்லவா? இந்த முறை எல்லா நாட்டிலும் கட்டாயமாக வேண்டும். தோட்டா செய்கிறவர்களுக்கு இதனால் பெரிய செலவு ஒன்றும் வந்து விடாது.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பி இருந்து விடக் கூடாது. எல்லா நாட்டுத் தோட்டாக்களும் ஒரே நிற முறையில் வருவதில்லை. பழைய தோட்டா சாயம் போயிருக்கும். இருட்டில் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுபோலத் தெரியும். வயலில் துப்பாக்கியை எடுக்கும் நேரம் பெரும்பாலும் இருட்டு நேரம்தான்!

எண்தான் சாட்சி. தோட்டாவின் அடியில் உள்ள பித்தளையில், நடுவே இருக்கும் தொப்பியைச் சுற்றி, 12 அல்லது 20 என்று பதித்திருப்பார்கள். துப்பாக்கிக் குழலிலும் எண் உண்டு. பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகளில், குழலைக் கழற்றிப் பார்த்தால், அடிப்புறத்தில் வைர வடிவக் கட்டத்துக்குள் 12 என்று இருக்கும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் ஜோடி. இதற்கு இங்கிலீஷ் படிப்புத் தேவையில்லை. பஸ் நம்பர் பார்க்கத் தெரிந்தால் போதும்.

அண்ணன் தம்பி வீடு

ஒரு வீட்டில் அண்ணனிடம் 12 போர், தம்பியிடம் 20 போர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் தனித்தனி லைசென்சு. சட்டப்படி எல்லாம் சரி.

காட்டுப் பன்றி வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கி விட்டது என்று ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் ஓடி வருகிறான். விரட்டுவதற்காக அண்ணன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். அவசரத்தில் ஆணியில் தொங்கிய தம்பியின் சட்டையை மாட்டிக்கொள்கிறார். அதன் பையில் இரண்டு 20 போர் தோட்டா கிடக்கிறது. போதாதற்குத் தன்னுடைய தோட்டா நாலையும் அதே பையில் போட்டுக்கொள்கிறார்.

கொல்லையில் "டிக்" என்று சத்தம்.

"என்ன அண்ணே, வெடிக்கலையா?"

"தோட்டா போடல போல இருக்குடா. இரு, போடறேன்!"

இந்த ஒரு பதிலில் ஒரு குடும்பத்தின் சோறு போய் விடக்கூடும்.

தவறு எங்கே நடந்தது? கொல்லையில் அல்ல. வீட்டில்! தம்பி சுட்டு முடித்து வந்த அன்று, சட்டைப் பையைக் காலி செய்யவில்லை. துணி துவைக்கிறபோது பையைத் துழாவிப் பார்க்கிற வீட்டம்மாள் அன்று துவைக்கவில்லை. அவ்வளவுதான்.

ஒரே வீட்டில், ஒரே பெட்டியில், ஒரே பையில் இரண்டு அளவுத் தோட்டாக்கள் இருக்கக் கூடாது. 12 போர் தோட்டாவுக்கு ஒரு பெட்டி, 20 போர் தோட்டாவுக்கு வேறு பெட்டி, வேறு பூட்டு. எண்ணைப் பெட்டியின் மேலே சுண்ணாம்பாலாவது பெரிதாக எழுதி வைக்க வேண்டும். முடிந்தால், ஒரு குடும்பத்தில் 12-ம் 20-ம் சேர்த்து வாங்காமலே இருப்பது இன்னும் நல்லது. இரண்டாவது துப்பாக்கி தேவை என்றால் அதுவும் 12 போராகவே இருக்கட்டுமே! என்ன நஷ்டம்?

2019-ம் ஆண்டு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. முன்பு மூன்று வைத்துக்கொள்ளலாம். எண்ணிக்கை குறைந்தது நல்லது. ஆனால் குழப்பத்துக்கு இரண்டே போதும்!

நுழைந்தாலும் தவறுதான்

"என்னிடம் 12 போர் மட்டும்தான் இருக்கிறது. எனக்குக் கவலை இல்லை" என்று ஒருவர் சொல்லலாம். அவருக்கும் கவலை உண்டு.

12 போர் தோட்டாவிலேயே நீளம் பல விதம். 2½ அங்குலம், 2¾ அங்குலம், 3 அங்குலம் என்று உண்டு. மில்லிமீட்டரில் 65, 70, 76 என்று போட்டிருப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 3 அங்குலத் தோட்டாவை அளந்து பார்த்தால் 3 அங்குலம் இருக்காது! ஏனென்றால் அதன் வாய் உள்பக்கமாக மடிக்கப்பட்டிருக்கிறது. சுட்டபின் மடிப்பு விரிந்து வந்த நீளம்தான் 3 அங்குலம். ஆகவே, 2¾ அங்குல அறை உள்ள துப்பாக்கியில்கூட 3 அங்குலத் தோட்டா நுழைந்து விடும். குழலும் மூடும்.

சுடும்போது என்ன ஆகிறது? மடிப்பு விரிவதற்கு இடம் இல்லை. குழல் குறுகுகிற இடத்தில் போய் விரிகிறது. குறுகிய வழி இன்னும் குறுகுகிறது. ரவை வெளியே போகத் திணறுகிறது. அழுத்தம் ஏறுகிறது. அதோடு, நீளமான தோட்டாவில் ரவையும் அதிகமாக அடைத்திருப்பார்கள்.

புதுத் துப்பாக்கி ஒன்றிரண்டு தடவை தாங்கும். அது தாங்கியதைப் பார்த்து, "ஒன்றும் ஆகவில்லை பார்த்தாயா?" என்று பெருமை பேசுகிறவர்களும் உண்டு. தாங்கியது அதிர்ஷ்டம். அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நீளம் குறைந்த தோட்டாவை நீள அறையில் போட்டால் பெரும்பாலும் பயம் இல்லை. நீளத் தோட்டாவைக் குட்டை அறையில் போடுவதுதான் கூடாது.

தாத்தா துப்பாக்கி

இன்னும் பெரிய ஆபத்து ஒன்று சில வீடுகளில் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதுதான் தாத்தா காலத்துத் துப்பாக்கி!

பழைய குழல்கள் சிலவற்றில் பாம்புச் சட்டைபோல வரி வரியாக அழகான கோலம் தெரியும். டமாஸ்கஸ் குழல் என்று பெயர். இரும்பையும் எஃகையும் பட்டை பட்டையாகச் சேர்த்து, முறுக்கி, சுருட்டி, அடித்துச் செய்தவை. பார்க்க அழகு. கொல்லன் கைவண்ணம். ஆனால் அவை கருமருந்துக் காலத்துக்காகச் செய்யப்பட்டவை.

1884-ம் ஆண்டில் பால் வியே என்ற பிரெஞ்சுக்காரர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். 1889-ம் ஆண்டில் இங்கிலாந்தில் கார்டைட் வந்தது. நீலகிரியில் அருவங்காட்டில் இருக்கிற பழைய கார்டைட் தொழிற்சாலையின் பெயர் இதனால் வந்ததுதான். நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே இப்படிப்பட்ட மருந்து செய்யப்படுகிறது.

புகையில்லா மருந்து கருமருந்தைவிடச் சக்தி வாய்ந்தது. அதற்குத் தகுந்த எஃகுக் குழல் வேண்டும். கருமருந்துக் குழலில் இன்றைய தோட்டாவைப் போட்டால், போர் எண் சரியாக இருந்தாலும், நீளம் சரியாக இருந்தாலும், குழல் தாங்கும் என்று சொல்ல முடியாது. உள்ளே துரு பிடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். முறுக்கிச் சேர்த்த பட்டைகளின் இடுக்கில் துரு ஓடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் 1813-ம் ஆண்டு முதல் துப்பாக்கிக் குழல்களைச் சோதிக்கிற ஒரு நிலையம் இருக்கிறது. வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு வெடித்துப் பார்ப்பார்கள். தாங்கிய குழலில் முத்திரை குத்துவார்கள். புகையில்லா மருந்துக்குச் சோதித்ததா, கருமருந்துக்கு மட்டும் சோதித்ததா என்பது அந்த முத்திரையைப் படிக்கத் தெரிந்தவருக்கு விளங்கும். மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோலத் துப்பாக்கிக்கு முத்திரை பார்க்க வேண்டும்!

வீட்டுச் சுவரில் இருக்கிற பழைய துப்பாக்கியை ஊர்ப் பெரியவர் ஒருவர் தட்டிப் பார்த்து, "கெட்டியாகத்தான் இருக்கிறது" என்று சொன்னால் அது சான்று ஆகாது. துப்பாக்கி பழுது பார்க்கும் லைசென்சு பெற்ற தொழிலாளியிடம் காட்ட வேண்டும். அவர் "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான்.

ஒரே எண், வேறு தோட்டா

ரவைத் துப்பாக்கியில் எண் பார்த்தால் பெரும்பாலும் தப்பித்து விடலாம். ரைபிளிலும் ரிவால்வரிலும் எண் ஒன்றே போதாது. பெயர் முழுவதையும் பார்க்க வேண்டும்.

பத்திரிகைச் செய்திகளில் "7.62" என்ற எண் அடிக்கடி வரும். அது ஒரு தோட்டாவின் பெயர் அல்ல. குண்டின் அளவு மட்டும். ரஷ்ய ஏ.கே. துப்பாக்கியின் தோட்டாவும் 7.62-தான். இந்திய ராணுவம் பல ஆண்டுகள் வைத்திருந்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கியின் தோட்டாவும் 7.62-தான். ஒன்றின் கூடு 39 மில்லிமீட்டர் நீளம். மற்றதன் கூடு 51 மில்லிமீட்டர். ராமசாமி என்று பெயர் இருப்பதால் எல்லோரும் ஒரே ராமசாமி ஆகி விடுவார்களா?

சாதாரண மக்கள் லைசென்சு வாங்கி வைத்திருக்கிற "32" விஷயமும் இப்படியே. கான்பூரில் செய்யும் ரிவால்வர் 32. ஈசாப்பூரில் செய்யும் பிஸ்டல் 32. ஆனால் தோட்டா ஒன்றல்ல! ரிவால்வர் தோட்டாவின் கூடு 23 மில்லிமீட்டர் நீளம். பிஸ்டல் தோட்டாவின் கூடு 17 மில்லிமீட்டர். நீளம் குறைந்த பிஸ்டல் தோட்டாவுக்குத்தான் அழுத்தம் அதிகம். அமெரிக்கக் கணக்குப்படி 20,500 பவுண்டு. ரிவால்வர் தோட்டாவுக்கு 15,000 பவுண்டு. சிறியது என்று ஏமாறக் கூடாது! பல 32 ரிவால்வர்களில் பிஸ்டல் தோட்டா நுழைந்தும் விடும். நுழைவதால் ஜோடி ஆகி விடாது. கடையில் "32 தோட்டா கொடுங்கள்" என்று கேட்பது பாதிக் கேள்வி. "32 ரிவால்வர் தோட்டா" என்று கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் இன்னொரு புதுத் தொல்லை. அங்கே பிரபலமான ஒரு ரைபிளுக்கு இரண்டு விதத் தோட்டாக்கள். ஒன்றில் குண்டு 5.56 மில்லிமீட்டர் வகை. மற்றதில் குண்டு 7.8 மில்லிமீட்டர். தோட்டா வைக்கும் பெட்டி இரண்டுக்கும் ஒன்றே! மாற்றிப் போட்டு, சிறிய குழலுக்குள் பெரிய குண்டைச் செலுத்தி, ரைபிளை உடைத்துக்கொண்டவர்கள் அங்கே உண்டு. படித்தவர்கள்தான். அவசரம் படித்தவனையும் விடாது.

பொருந்தக் கூடாது என்றே செய்தது

துப்பாக்கியும் தோட்டாவும் பொருந்தாமல் இருப்பதை வேண்டுமென்றே செய்த கதையும் நம் நாட்டில் உண்டு.

வெள்ளைக்காரர் ஆட்சியில் ராணுவத்திடம் 303 ரைபிள் இருந்தது. அந்தத் தோட்டா பொது மக்கள் கைக்குப் போகக் கூடாது என்று அரசாங்கம் நினைத்தது. ஆகவே, வேட்டைக்காரர்களுக்கும் தோட்டத் துரைகளுக்கும் 315 என்ற வேறு அளவு ரைபிள் விற்கப்பட்டது. ராணுவக் கிடங்கிலிருந்து தோட்டா திருடினாலும் அதில் போட்டுச் சுட முடியாது!

போலீசாருக்கும் இதேபோல ஓர் ஏற்பாடு. ராணுவ 303 ரைபிளின் குழலை மாற்றி, 410 அளவில் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியாக ஆக்கிக் கொடுத்தார்கள். கலகக்காரர்கள் பறித்துக்கொண்டு போனாலும் ராணுவத் தோட்டா அதற்கு உதவாது என்பது கணக்கு.

வெள்ளைக்காரர்கள் போய் விட்டார்கள். 315 ரைபிள் இன்னும் இருக்கிறது. பார்வைக்கு 303 ரைபிளின் அண்ணன் தம்பிபோலவே இருக்கும். ஓர் அரசாங்கமே அளவு வித்தியாசத்தைப் பூட்டுப்போல நம்பியிருந்தது என்றால், அந்த வித்தியாசம் எவ்வளவு பெரிய விஷயம்! வீட்டில் இருப்பவர் அதை "ஏறக்குறைய ஒன்றுதானே" என்று ஒதுக்கி விடலாமா?

நாற்பது வருஷ அனுபவம்

இதையெல்லாம் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். "நாற்பது வருஷமாகத் துப்பாக்கி பிடிக்கிறேன். எனக்குத் தெரியாதா?" என்பார்கள்.

தெரியும். தெரிந்தவர்தான் எண்ணைப் பார்க்காமல் போடுகிறார்! புதிதாக வந்தவன் பயந்து பயந்து நாலு தடவை பார்ப்பான். சமையல் அறையில் உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் மாற்றிப் போடுவது புது மருமகள் அல்ல. பல வருஷம் சமைத்த மாமியார்தான். கை தானாகப் போகும். காபியில் உப்பு விழுந்தால் கொட்டி விடலாம். குழல் வெடித்தால் எதைக் கொட்டுவது?

இன்னொரு வாதமும் உண்டு. "இது துப்பாக்கி வைத்திருப்பவர் கவலை. வீட்டில் மற்றவர்களுக்கு எதற்கு?" என்பது அது. இதுவும் சரி அல்ல. குழல் வெடிக்கும்போது பக்கத்தில் நிற்கிறவர் யார்? வீட்டுக்காரர் கை இழந்தால் யார் வயிறு காயும்? எண்ணைச் சரிபார்க்க மனைவிக்கும் மகனுக்கும் தெரிந்திருந்தால் நஷ்டம் இல்லை. துப்பாக்கியைத் தொடச் சொல்லவில்லை. அதற்கு லைசென்சு வேண்டும். பெட்டியின் மேல் உள்ள எண்ணைப் படிக்க எந்த லைசென்சும் வேண்டாம்.

2016-ம் ஆண்டு ஆயுத விதிகளில், லைசென்சு கேட்கிறவர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. அந்தப் பயிற்சியில், 12 போர் குழலுக்குள் வெற்று 20 போர் தோட்டாக் கூடு ஒன்றைப் போட்டு, அது எங்கே போய் நிற்கிறது என்று கண்ணாலே காட்ட வேண்டும். நூறு பக்கம் புத்தகம் படிப்பதைவிட அது மனத்தில் பதியும். விளக்கமும் தமிழிலே இருக்க வேண்டும். தோட்டா அட்டைப் பெட்டியிலும் அளவைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்டால் என்ன குறைந்து விடும்? தீப்பெட்டிக்குக் கிடைக்கிற மரியாதை தோட்டாப் பெட்டிக்குக் கிடைக்க வேண்டாமா?

பாங்கியின் வாசலில் நிற்கிற காவல்காரர் கையிலும் பெரும்பாலும் 12 போர்தான். அவர்களில் பலர் பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள். எண் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள். அந்தப் பழக்கம் கொல்லைக்காரருக்கும் வர வேண்டும்.

"டிக்" என்றால்...

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் என்ன செய்வது?

உடனே திறக்கக் கூடாது. குழல் வாய் ஆள் இல்லாத பக்கம் பார்த்தபடியே அரை நிமிஷமாவது அசையாமல் நிற்க வேண்டும். சில தோட்டாக்கள் தாமதமாக வெடிக்கும்.

பிறகு குழலை மடித்துத் தோட்டாவை எடுக்க வேண்டும். தோட்டா காணவில்லை என்றால், "மறந்து விட்டேன்" என்று முடிவு கட்டக் கூடாது. "உள்ளே இருக்கிறது" என்றே நினைக்க வேண்டும்! இரண்டு குழலும் காலி செய்யப்பட்ட பிறகு, மடித்த குழலின் பின்பக்கமாக ஆகாயத்தைப் பார்க்க வேண்டும். வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் வழி இருக்கிறது. இருட்டாக இருந்தால் அடைப்பு இருக்கிறது. ராத்திரியாக இருந்தால் டார்ச் லைட்டு அடித்துப் பார்க்கலாம்.

"டமார்" என்பதற்குப் பதிலாக "பொக்" என்று சத்தம் வந்தாலும் இதையே செய்ய வேண்டும். மருந்து சரியாக வெடிக்காமல், உள்ளே இருக்கும் அட்டை குழலில் நின்றிருக்கலாம்.

அடைப்பு இருந்தால் இரும்புக் கம்பியை விட்டு இடிக்கிறவர்கள் உண்டு. உள்ளே நிற்பது உயிருள்ள தோட்டா என்பது அவர்களுக்கு நினைவு வருவதில்லை. அப்படியே வைத்து விட்டு, பழுது பார்க்கும் தொழிலாளியைக் கேட்க வேண்டும். அன்றைக்குப் பன்றி வேர்க்கடலை தின்றால் தின்று விட்டுப் போகட்டும்.

தேர்தல் காலத்தில் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கிறார்கள். தேர்தல் முடிந்ததும் வாங்கி வருகிறார்கள். வீட்டில் உள்ள தோட்டாக்களை எல்லாம் பாயில் கொட்டி, எண் வாரியாகப் பிரித்துப் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது. துப்பாக்கி இல்லாத வீட்டில், பகல் வெளிச்சத்தில், நிதானமாகப் பார்க்கலாம். எந்தத் துப்பாக்கிக்கும் சேராத தோட்டா நாலு கிடைத்தால், அவற்றையும் தாத்தாவின் டமாஸ்கஸ் துப்பாக்கியையும் லைசென்சு பெற்ற வியாபாரியிடமோ போலீஸ் ஸ்டேஷனிலோ ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொண்டு வரலாம்.